சாதா ஊசி

நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் ஊசிக்கு நான்தான் பொறுப்பு. தையல் மெஷின் ஊசி. எழுபது டைலர்களுக்கும் என் மேசையிலிருந்துதான் ஊசி போக வேண்டும். பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புது ஊசி. உடைந்துவிட்டால் உடைந்த துண்டு அத்தனையும் வர வேண்டும். துண்டுகளை வரிசையாக வைத்து, முழு ஊசியாகச் சேர்கிறதா என்று லென்ஸில் பார்த்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் அடுத்த ஊசியைக் கையில் கொடுப்பேன். முனை மட்டும் கிடைக்கவில்லை என்றால் அந்த மெஷினைச் சுற்றிக் கிடக்கும் தைத்த பீஸ் எல்லாவற்றையும் நிறுத்தி, உலோகம் இருந்தால் கத்துகிற டிடெக்டரில் விட வேண்டும். எங்கோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு குழந்தை போட்டுக்கொள்ளப்போகிற சட்டை. அதில் முனை இருந்துவிடக் கூடாது.

இந்த வேலைக்கு வாய் வேண்டும். கடவுள் எனக்கு அதில் குறை வைக்கவில்லை. டைலர்கள் ஊசி உடைந்ததை மறைப்பார்கள். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள், நின்று தேட மனசு வராது. துண்டைக் காலால் ஒதுக்கிவிட்டு, டிபன் பையில் ஒளித்து வைத்திருக்கிற ஊசியை மாட்டிக்கொண்டு தைத்துக்கொண்டே போவார்கள். சாயங்காலம் டிடெக்டர் கத்தும். யார் மெஷின் என்று கண்டுபிடித்துப் போய் நிற்பேன். நான் கேட்கிற கேள்வி இத்தனை வருஷமாக ஒன்றுதான். "அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?" கேட்டதும் தலையை மட்டும் குனிந்துகொள்வார்கள். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டைலர் சட்டைத் துணிக்குப் போடுகிற கூர் முனை ஊசியைப் பனியன் துணியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "ஊசினா எல்லாம் ஊசிதானக்கா. இதுல என்னக்கா இருக்கு" என்றார். அவர் தைத்ததில் ஒரு பீஸை எடுத்துப் போய்த் துவைத்துக் காயவைத்து மறுநாள் அவர் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினேன். தையல் ஓரமெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. பனியன் துணிக்கு முனை உருண்டையாக இருக்கிற ஊசிதான் ஆகும். அது நூலை விலக்கிவிட்டு இறங்கும், ஏறும். கூர் முனை நூலை அறுத்துவிடும். தைக்கும்போது ஒன்றும் தெரியாது. பிறகுதான் தெரியும். அன்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி அவரைத் திட்டினேன். பாவம், அதற்குப் பிறகு என்னைக் கண்டாலே எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஊசி விஷயத்தில் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். இருபது வருஷம் நீராவிப் பெட்டியை அழுத்திப் பிடித்த கை. முழங்கைக்குக் கீழே நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நிற்கும். பெருங்குடலில் கட்டி என்று தெரிந்து, கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து, அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாகப் பன்னிரண்டு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். முதல் தடவை ஊசி போட வந்த நர்ஸ் அவர் கையைத் தடவிப் பார்த்து, "எல்லாருக்கும் இப்படி நரம்பு இருந்தா எங்களுக்குக் கஷ்டமே இல்லீங்கண்ணா" என்றாள். அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மூன்று தடவைக்குள் அந்தக் கை போய்விட்டது. மருந்து போன தடமெல்லாம் கறுத்து, தொட்டால் தோலுக்கு அடியில் காய்ந்த கயிறு கிடக்கிற மாதிரி இருந்தது. குளிர்ச்சியான எதையும் தொட முடியவில்லை. காலையில் எவர்சில்வர் டம்ளரைத் தொட்டால் ஷாக் அடிக்கிற மாதிரி கையை உதறுவார். வாழ்நாளெல்லாம் சூட்டில் நின்ற மனுஷனுக்குப் பச்சைத் தண்ணீர் எதிரியாகிவிட்டது. நான்காவது தடவை நர்ஸ்கள் மாற்றி மாற்றி ஏழு இடத்தில் குத்தினார்கள். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு குத்துக்கும் கால் பெருவிரலை மட்டும் மடக்கினார். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது தடவை அது மடங்கியபோது என்னால் முடியவில்லை. "குத்திக் குத்தித் தொழில் படிக்கறதுக்கு எம் புருசன் கைதான் கெடச்சுதா?" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. கடைசியாகக் குத்திய நர்ஸ் பெண் அழுதுவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவினாசி தாண்டியதும் அவர் மெதுவாகச் சொன்னார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணு புள்ள. ஆஸ்பத்திரிக்குப் போனா உன்ற வாயைத் தொறக்காத. அவிய கையிலதான என்ற உசுரு இருக்குது. நீ வைதுட்டுப் போயிருவ. குத்து வாங்கறது நானு."

அவர் என்னிடம் எதையும் கேட்டு வாங்குகிறவர் இல்லை. இதைக் கேட்டார். சரிங்க என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் கொடுத்த எந்த வாக்கையும் நான் இவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றியதில்லை.

அடுத்த தடவை போனபோது டாக்டர், கையில் இனி முடியாது, போர்ட் வைத்துவிடலாம் என்றார். சர்ஜன் எங்களை உட்காரவைத்து ஒரு மாதிரிப் பொருளைக் கையில் கொடுத்தார். பெரிய கோட்டுப் பித்தான் அளவுக்கு உலோகத்தில் ஒரு குட்டி டப்பா. நடுவில் வட்டமாகக் கெட்டி ரப்பர். பக்கவாட்டில் ஒரு மெல்லிய குழாய். டப்பாவை வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்களாம். குழாயைக் கழுத்து நரம்பு வழியாக இருதயத்துக்குப் பக்கம் வரை விடுவார்களாம். வெளியே ஒன்றும் தொங்காது. மருந்து ஏற்றுகிற நாளில் தோலுக்கு மேலேயே தடவிப் பார்த்து, ரப்பரில் ஊசியைக் குத்தினால் போதும். வருஷக்கணக்கில் இருக்கும் என்றார்.

என் வீட்டுக்காரர் ரத்தப் பரிசோதனைக்கு எழுந்து போன பிறகு எனக்கு ஊசியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கேட்டேன். சர்ஜன் சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டினார். ஊசி நடுவில் மடங்கியிருந்தது. நுனியும் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "சாதா ஊசி ரப்பரைத் துருவி எடுத்துரும்மா. இது விலக்கிட்டுத்தான் உள்ள போகும். எடுத்ததும் ரப்பர் மூடிக்கும். இதைத் தவிர வேற ஊசி இதுல படக்கூடாது" என்றார். அத்தனை மாதமாக ஆஸ்பத்திரியில் எனக்கு முழுசாகப் புரிந்த முதல் விஷயம் அதுதான். "எங்க பனியன் ஊசியும் இப்படித்தானுங்க" என்றேன். அவர் போர்ட்டைப் பற்றி எழுதிய ஒரு அட்டையைக் கொடுத்தார். என்ன ஊசி என்பது அதிலும் இருந்தது. அதை நான் மஞ்சள் பைக்குள் மருந்துச் சீட்டுகளோடு வைத்தேன். அதற்குப் பிறகு அது அந்தப் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள். மயக்கம் கொடுக்கவில்லை. பச்சைத் துணியால் முகத்தை மூடியிருந்தாலும் அவருக்கு நினைவு இருந்தது. முடிந்து வெளியே கொண்டுவந்தபோது, வலித்ததா என்று கேட்டேன். "வலி இல்ல புள்ள. டிராக் பேண்டுக்கு நாடா கோப்பம் பாரு, ஊக்குல கட்டி, தள்ளித் தள்ளி. அந்த மாதிரி தோலுக்குள்ளார இழுத்தாங்க. நல்லாத் தெரிஞ்சுது" என்றார். சொல்லிவிட்டு ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டார். "இன்னொருக்கா அதுமட்டும் ஆகாது."

ஆனால் அந்த டப்பா வந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. ஒரே குத்து. பெருவிரல் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஏற்றியது போக மிச்ச மருந்தை ஒரு பாட்டிலில் அடைத்து, இடுப்பில் ஒரு பையாகக் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது தன்னால் இரண்டு நாள் சொட்டிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் போய் ஊசியை எடுத்துவிட்டு வருவோம். காதர்பேட்டை பனியன் கடைகளில் தேடி அவருக்குத் தொளதொளவென்று பத்துப் பனியன் வாங்கினேன். வலது தோளில் ஒரு சாண் வெட்டி, மடித்துத் தைத்து, அமுக்குப் பித்தான் வைத்தேன். சட்டையைக் கழற்றாமல் அந்த இடத்தை மட்டும் திறக்கலாம். அவர் கண்ணாடி முன்னால் நின்று, "வெளிநாட்டு பையருக்கு சாம்பிள் அனுப்பலாமா?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் சிரித்த கடைசி வேடிக்கைகளில் அது ஒன்று. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று போனது. இன்னும் நாலே நாலு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

எட்டாவது முடிந்து ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. எழுந்தால் கண் இருட்டியது. கோயமுத்தூருக்குப் போன் செய்தேன். உடனே பக்கத்தில் எங்காவது சலைன் ஏற்றிவிடுங்கள், நாளைக்கும் நிற்கவில்லை என்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். பக்கத்தில் என்றால் எங்களுக்கு ஒரே க்ளினிக்தான். அந்த டாக்டரை இருபது வருஷமாகத் தெரியும். எங்கள் வீதியில் காய்ச்சல் வந்த ஒவ்வொருவரும் அவர் கைபட்டுத்தான் எழுந்தார்கள். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவரை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வது என்பது வழக்கமே இல்லை.

க்ளினிக் நர்ஸ் இரண்டு கையிலும் தேடினாள். மூன்று குத்து. பெருவிரல் மறுபடி மடங்கியது. டாக்டர் எழுந்து வந்து, தோள் பக்கத்தில் புடைத்திருந்ததைத் தடவிப் பார்த்தார். "இது மருந்து ஏத்தறதுக்குத்தானுங்க வெச்சிருக்குது? இதுலயே போட்டுருவோம்" என்றார். தட்டிலிருந்து ஒரு ஊசியை எடுத்தார்.

நேரான ஊசி. நல்ல தடிமன். பாட்டிலிலிருந்து மருந்தை உறிஞ்சுகிற ஊசி. பத்தடி தள்ளி நின்றாலும் எனக்குத் தெரியும்.

"ஏனுங்க டாக்டர்" என்றேன். "கோயமுத்தூர்ல வேற மாதிரி ஊசி போடுவாங்க. மடங்கி இருக்குமுங்க."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "ஊசின்னா எல்லாம் ஊசிதானுங்கம்மா. உள்ள போனாச் சரி."

கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பஸ்ஸில் கேட்டது எனக்கு நினைவுக்கு வந்தது. அட்டை என் கையிலிருந்த மஞ்சள் பைக்குள் இருந்தது. எடுத்து நீட்ட ஒரு நிமிஷம்கூட ஆகாது.

"சரிங்க" என்றேன்.

ஊசினா எல்லாம் ஊசிதான் என்று ஒரு டைலர் சொன்னதற்கு லைன் முழுக்கக் கேட்கத் திட்டியவள் நான். ஒரு சட்டைக்காக. அன்று என் புருஷன் நெஞ்சில் இறங்குகிற ஊசிக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன். மரியாதை என்று சொல்லலாம், வாக்கு என்று சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாளே போக்கு குறைந்ததால் கோயமுத்தூருக்குப் போகவில்லை, சலைன் மட்டும் மூன்று நாள் ஏற வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் புதிதாகக் குத்தினார்கள். இரண்டாம் நாள் ஊசி வழுக்கியது, மறுபடி குத்தினார்கள். மூன்றாம் நாள் நான் தைத்த பனியன் திறப்பை நானே விலக்கிப் பிடித்துக்கொண்டேன். வயிற்றுப்போக்கு நின்றது. முகத்தில் களை வந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, நீ பேசாம இருந்ததுக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

ஒன்பதாவது தடவைக்குப் போனபோது நர்ஸ் மடங்கிய ஊசியைப் போட்டு, மருந்துக்கு முன்னால் வெறும் உப்புத் தண்ணீரை விட்டுப் பார்த்தாள். டப்பாவைச் சுற்றித் தோல் மெதுவாக உப்பியது. அவர் "எரியுதுங்க" என்றார். உடனே நிறுத்திவிட்டார்கள். நல்லவேளை, மருந்து போகவில்லை. சாயத்தை விட்டுப் படம் எடுத்தார்கள். தண்ணீர் ரப்பர் வழியாகவே கசிந்துகொண்டிருந்தது. அந்த இடம் சிவந்து காய்ச்சலும் வந்திருந்தது. எடுத்தாக வேண்டும் என்றார்கள். அன்றே எடுத்தார்கள்.

சர்ஜன் என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டார். "ரப்பர் துருவிப் போயிருக்கு. யாரோ சாதா ஊசி போட்டிருக்காங்க. வெளிய எங்கயாவது காட்டினீங்களா?" என்று கேட்டார்.

க்ளினிக் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, நீங்கள் பார்த்துக்கொண்டா இருந்தீர்கள் என்பது. அட்டை கொடுத்தேனே என்பது.

"தெரியலீங்க" என்றேன்.

அவர், புண் ஆறியதும் இடது பக்கம் புதிதாக ஒன்று வைத்துவிடலாம், தள்ளிப்போடாதீர்கள் என்றார். எடுத்த டப்பாவை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று அப்போது எனக்கே தெரியாது. உடைந்தது எதுவாக இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்கிற பழக்கம். கழுவி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள்.

வார்டுக்குள் போனதும் என் வீட்டுக்காரர் கேட்டார். "என்னாச்சாம் புள்ள?"

அவர் முகம் காய்ச்சலில் சிறுத்துப்போயிருந்தது. "சில பேர் ஒடம்புக்கு அது ஒத்துக்காதாமுங்க" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். அப்போதைக்குத் தப்பித்தால் போதும் என்று சொன்னது. துண்டைக் காலால் ஒதுக்கித் தள்ளுகிறவர்களும் அப்போதைக்கு என்றுதான் தள்ளுகிறார்கள்.

புண் ஆற மூன்று வாரம் ஆனது. அவர் ஊர் குன்னத்தூர். அங்கே அவருடைய அக்கா வீட்டில் இருந்தோம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மருந்து எப்படிப் போகிறது என்று கேட்டார்கள். அவர் அதை ஒரு கதையாகவே சொல்லப் பழகிவிட்டார். "பையர் பீஸை ரிஜெக்ட் பண்ணுவாம் பாருங்க, அந்த மாதிரி என்ற ஒடம்பு அதை ரிஜெக்ட் பண்ணிப்போடுச்சுங்க. எனக்கு ஒத்துக்கலீங்க." வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன்.

இடது பக்கம் வைக்க வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவர் மாட்டேன் என்றார்.

"ஒத்துக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சே எதுக்குப் புள்ள இன்னொருக்கா கிழிக்கறது? அந்த இழுப்பு என்னால ஆகாது. கையிலயே குத்தட்டும்."

நான் கெஞ்சினேன். அவருடைய அக்கா கெஞ்சினார். என் வாயால் முடிந்ததையெல்லாம் சொன்னேன், சொல்ல வேண்டியதைத் தவிர. அது உங்கள் உடம்பு தள்ளியது இல்லை, தப்பான ஊசி, நான் பார்த்துக்கொண்டு நின்றேன், இந்தத் தடவை யாரையும் தொட விட மாட்டேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொல்லியிருந்தால் அவர் இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்திருப்பார், மூன்றாம் நாள் கிளம்பியிருப்பார். அவரை எனக்குத் தெரியும். காலையில் சொல்லலாம் என்று நினைப்பேன். காலையில் அவர் எழுந்ததும், "இன்னைக்குக் கொஞ்சம் தேவலை" என்பார். தேவலை என்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிடுவேன். தேவலையில்லாத நாளில் அதைவிடக் கஷ்டம்.

கையில் இரண்டு தடவை ஏற்றினார்கள். இரண்டாவது தடவை புறங்கையில் நரம்பு உடைந்து மருந்து வெளியே கசிந்து, அந்த இடம் வெந்த மாதிரி கறுத்துப் பிளந்தது. விரலை மடக்க முடியவில்லை. அதோடு போதும் என்றார். டாக்டர் மாத்திரை எழுதினார். முழு மருந்துக்கு இது ஈடாகுமா என்று கேட்டேன். முடிந்ததைச் செய்கிறோம் என்றார். ஏழு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் புள்ளிகள் இருந்தன. மிச்சத் தடவைகள் முழுசாக ஏறியிருந்தால் இது வந்திருக்காதா என்று நான் தனியாகப் போய்க் கேட்டேன். அப்படி யாராலும் சொல்ல முடியாதம்மா என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. யாராலும் சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டுதான் நான் இருக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அவர் போய்விட்டார். கடைசி வாரம்கூட, பார்க்க வந்த அவர் கம்பெனி அயர்ன் டேபிள் ஆட்களிடம் அந்தக் கதையைச் சொன்னார். குரல் எழும்பவில்லை. "எனக்கு ஒத்துக்கலீங்க" என்பது மட்டும் கேட்டது.

காரியமெல்லாம் முடிந்து நான் கம்பெனிக்குத் திரும்பினேன். என் மேசை, என் லென்ஸ், என் ரிஜிஸ்டர். சாப்பாட்டு நேரத்தில் லைனில் யாரும் இல்லாதபோது பையிலிருந்து அந்த பாட்டிலை எடுத்தேன். டப்பாவைத் துணியில் வைத்து லென்ஸில் பார்த்தேன். ரப்பரில் மடங்கிய ஊசி போன தடங்கள் மூடிக்கொண்டு, இருக்கிற இடமே தெரியவில்லை. அவற்றுக்கு நடுவில் நாலு ஓட்டை. நாலும் திறந்தே கிடந்தன. ஓட்டை இருந்த இடத்து ரப்பர் எங்கே என்று தேடினேன். பாட்டிலுக்குள்ளும் இல்லை. அது அவருக்குள்ளேயே போயிருக்க வேண்டும். முனை கிடைக்காத ஊசியை நான் யாரிடமிருந்தும் வாங்கியதில்லை. அன்று மதியம் டைலர்கள் திரும்பி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, வேலை விட்டதும் நேராக க்ளினிக்குக்குப் போனேன். சண்டைக்குத்தான் போனேன். பொய் சொல்லவில்லை. வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். வாக்கு வாங்கியவரே போய்விட்டார், இனி என் வாய்க்கு யார் தடை என்றிருந்தது. டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். முறை வந்ததும் உள்ளே போனேன்.

டாக்டர் எழுந்து நின்றார். "கேள்விப்பட்டேனுங்கம்மா. நல்ல மனுசன். உக்காருங்க" என்றார். அந்த மரியாதையிலேயே என் வார்த்தைகளில் பாதி உதிர்ந்துவிட்டது. பாட்டிலை மேசைமேல் வைத்தேன். மடங்கிய ஊசி, நேர் ஊசி, ரப்பர், மூன்று நாள் சலைன், எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். குரல் உயரவில்லை. என் லென்ஸையும் கொடுத்தேன். அவர் டப்பாவை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். மறுக்கவில்லை.

"இப்படி ஒரு ஊசி தனியா இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க. நான் படிச்ச காலத்துல இதெல்லாம் இல்லீங்க. இனிமே இது இருக்கறவங்க யார் வந்தாலும் தொடாமக் கோயமுத்தூருக்கே அனுப்பிருவனுங்க" என்றார். பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், மனசு தாங்காமல் கேட்டார்.

"நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே அம்மா."

சொன்னேனுங்களே என்று வாய் வரை வந்தது. சொன்னேன்தான். மெதுவாக, ஏனுங்க போட்டு, ஒரே ஒரு தடவை. அவரிடம் அதைச் சொல்லி வாதாடியிருக்கலாம். ஆனால் அவரிடமாவது ஒரு தடவை சொன்னேன். ஒரு தடவைகூடச் சொல்லாதது வேறொருவரிடம். வார்டில் கட்டிலோரம் நின்றபோது சொல்லியிருக்கலாம். குன்னத்தூரில் காபி டம்ளர்களை எடுக்காமல் நின்று சொல்லியிருக்கலாம். இடது பக்கம் வேண்டாம் என்று அவர் சொன்ன காலையில் சொல்லியிருக்கலாம். தன் உடம்புதான் சரியில்லை என்று நம்பிக்கொண்டே அவர் போனார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன்.

தலையைக் குனிந்துகொண்டேன். லென்ஸையும் பாட்டிலையும் எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

"ஆமாங்க. சொல்லியிருக்கலாமுங்க" என்றேன்.

தனக்குச் சொன்ன பதில் என்று நினைத்து டாக்டர் தலையாட்டினார்.